அபுவின் சம்சாரமும் அபர்ணாவின் மௌனமும்

வங்கமொழியில் ‘சன்சார்’ என வழங்கும் சொல் நம்மிடையே ‘சம்சாரம்’ என வழங்குகின்றது. உலகவாழ்வு, இல்லறம், மனைவி என மூன்று பொருளையும் தமிழில் அது தாங்கி நிற்றலின், சத்தியஜித் ராய் 1959 இல் ஆக்கிய ‘அபூர் சன்சார்’ என்னும் படத்தின் பெயரை ஆங்கிலத்தாரினும் நாம் நிறைவாக உணர்தல் கூடும். ஆயின் மூன்றாம் பொருளுக்கு அப்படம் எவ்வளவு இடம் தந்துள்ளது என்பதே ஈண்டு வினா.

கதை விபூதிபூஷண் பந்தோபாத்தியாயரின் ‘அபராஜிதோ’ நாவலைத் தழுவியது. திருமணமொன்றிற்கு விருந்தினனாய்ச் சென்ற அபு, மணமகன் சித்தப்பிரமை உடையவன் எனத் தெரியவந்தமையால், தானே மணமகனாகின்றான். கல்கத்தாவின் வறிய வாடகை அறையில் மலர்ந்த இல்லறம் நெடிது நிலைக்கவில்லை. பேறுகாலத்திற்குத் தாய்வீடு சென்ற அபர்ணா மகனைப் பெற்று மாய்கின்றாள். செய்தி கொணர்ந்த மைத்துனனை அபு அறைகின்றான்; தான் எழுதிய நாவலை மலையுச்சியினின்று காற்றில் விடுகின்றான்; மகன் உளனாயினமையாலேயே மனைவி இலளாயினாள் என எண்ணி, ஐந்தாண்டளவும் அவன் முகம் நோக்கானாகின்றான். கொடிதேயெனினும் இது பொய்யன்று. இளந்தந்தையை ராய் பழித்தாருமல்லர், காத்தாருமல்லர்.

படத்தின் உச்சம் காஜல் தோன்றும் பகுதி. முகமூடி அணிந்து பறவையை வீழ்த்தும் அச்சிறுவன், தந்தை தந்த பொம்மை இரயிலை வீசியெறிகின்றான். தந்தைமேற் கல்லும் எறிகின்றான். பெற்றமையால் மட்டும் ஒருவன் தந்தையாகிவிடான் என்பதை இதனினும் தெளிவாகக் காட்டிய படத்தை யான் கண்டிலேன். எழுவான்கரையாயினும் படுவான்கரையாயினும் நம் நாட்டில் வீடு பெண்ணுக்கே சீதனம். மருமகனே அங்குச் சென்று வாழ்வான். தாய்வழி வீட்டிற் பிள்ளை வளர்தல் நமக்கு இயல்பாதலின், காஜலின் அநாதைத்தன்மையை அவ்வீட்டிலன்றிப் பாட்டனார் ஓங்கும் தடியிலேயே நாம் காண்கின்றோம்.

அபர்ணாவிடம் வருவோம். அவளாக நடித்த சர்மிளா தாகூர் அப்போது ஏறத்தாழப் பதினான்கு வயதினர். அம்முகத்தின் இளமை நடித்துக் காட்டியதன்று. செய்திப்படம்போல உள்ளதை உள்ளவாறே காட்டுகின்றது. இருந்தும் அவளுடைய பேறுகால அச்சத்தையோ வேதனையையோ படம் காட்டவில்லை. மரணமும் பிறர் வாய்ச்சொல்லாகவே வந்து சேர்கின்றது. விமரிசகர் பலர் இதனைச் சொற்செட்டு எனப் போற்றுவர். நம் நாட்டில் 1995 ஆம் ஆண்டுச் சட்டம் மணவயதைப் பதினெட்டாக்கிற்று (முஸ்லிம் விவாகச் சட்டம் அன்று புறம்பாகவே விடப்பட்டது). எனினும் போர்க்காலத்தில், பிள்ளைகள் படைக்குப் பிடிக்கப்படுவர் என அஞ்சிப் பெண்மக்களைப் பள்ளிப்பருவத்திலேயே மணஞ்செய்து கொடுத்த பெற்றோர் இம்மாவட்டத்திற் பலர். வகுப்பறையில் வெற்றிடமான வாங்குகளை அறிந்த ஆசிரியனுக்கு அச்செட்டு போதாது.

செய்திப்படத் துறையினின்று வந்த பெல்ஜிய நாட்டு டார்டென் சகோதரர் 2005 இல் ஆக்கிய ‘குழந்தை’ என்னும் படத்தை இதனோடு வைத்து நோக்கலாம். அங்கு இளைஞனொருவன் தன் பச்சிளம் மகனைப் பணத்திற்கு விற்றுவிடுகின்றான். கேட்ட தாய் மயங்கி வீழ்கின்றாள். பின்னர் அவனை வீட்டினுள் விட மறுக்கின்றாள். அம்மறுப்பைக் கூற அவள் உயிரோடிருக்கின்றாள். அழகில் ராயின் படமே மேம்பட்டது, நீதியில் அவ்வாறன்று.

இறுதியிற் காஜல் அபுவின் தோளேறிச் செல்கின்றான். தன்னைத் தந்தையிடம் அழைத்துச் செல்வாயா என்றே அவன் அபுவை வினவினான், தாயைப்பற்றி வினவினானல்லன்.