ஓர் இணைப்பில் எத்தனை இழை?

கரூரில் படுக்கை விரிப்புத் தொழில் செய்யும் என் சித்தப்பா மகன் முந்தின ஆண்டு தீபாவளிக்கு வந்திருந்தபோது மடிக்கணினியைத் திறந்து ஓர் எக்ஸெல் தாளைக் காட்டினான். அவனுடைய இணையதளத்தைத் தேடலில் மேலே ஏற்றித் தருவதாகச் சொன்ன எஸ்.இ.ஓ. நிறுவனம் ஒன்று ஆறு மாதத்தில் ‘கட்டிக் கொடுத்த’ 480 பேக்லிங்குகளின், அதாவது பிற தளங்களிலிருந்து அவன் தளத்துக்கு வரும் இணைப்புகளின், பட்டியல் அது. ஒவ்வொன்றுக்கும் எதிரே டி.ஏ. என்ற தலைப்பில் ஓர் எண்: 42, 55, 61.

“எல்லாமே குவாலிட்டி லிங்க்தானுங்கண்ணா. நாப்பதுக்குக் கீழ ஒண்ணுகூட இல்லைங்கறாங்க. ஆனா கூகுள்ல நாலாவது பக்கத்த விட்டு நகர மாட்டேங்குது.”

வரிசையாகப் பத்தைத் திறந்து பார்த்தோம். முதலாவது பல் மருத்துவத் தளம். ஞானப்பல் வலிக்கு ஏழு காரணங்கள் என்ற கட்டுரை. ஐந்தாவது பத்தியில், வலியால் தூக்கம் கெட்டவர்கள் பருத்தி விரிப்பில் படுப்பது நல்லது என்று சம்பந்தமில்லாமல் ஒரு வாக்கியம். அதில் ‘பை காட்டன் பெட்ஷீட்ஸ் ஆன்லைன்’ என்ற நான்கு சொற்கள் மட்டும் நீல நிறத்தில். அடுத்தது கிரிப்டோ நாணயம் பற்றியது. அதற்கடுத்தது நாய் வளர்ப்பு. அங்கே நாய்க்கும் பருத்தி விரிப்பு. இரண்டு பேரும் சிரித்துவிட்டோம். மாதம் பதினைந்தாயிரம் கொடுத்தவன் என்பதால் அவன் சிரிப்பு கொஞ்சம் முன்னதாகவே நின்றுவிட்டது.

அந்த எக்ஸெல் தாளின் மூதாதை மரியாதையான குடும்பத்தில் பிறந்தவர். ஓர் ஆய்வுக் கட்டுரையை எத்தனை பேர் மேற்கோள் காட்டுகிறார்கள் என்று எண்ணும் வேலையை யூஜின் கார்ஃபீல்ட் 1960களில் ஒரு பெரிய அட்டவணையாகவே ஆக்கியிருந்தார். ஸ்டான்ஃபோர்ட் மாணவர்களான லாரி பேஜும் செர்கேய் பிரின்னும் அந்த யோசனையை இணையத்துக்குக் கொண்டுவந்து 1998-இல் ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டார்கள். அதில் ஒரு திருத்தமும் இருந்தது: எத்தனை பேர் காட்டுகிறார்கள் என்பதோடு, காட்டுகிறவர் யார் என்பதையும் கணக்கில் சேர்த்தார்கள். ஒரு பக்கம் தன் மதிப்பைத் தான் இணைப்பு கொடுக்கும் பக்கங்களுக்கெல்லாம் பங்கிட்டுக் கொடுக்கிறது. பத்துக்குக் கொடுத்தால் பத்தில் ஒன்று, நூறுக்குக் கொடுத்தால் நூற்றில் ஒன்று. போகிற வழியில் கொஞ்சம் கசியவும் செய்யும், பங்கை 0.85 ஆல் பெருக்கிக்கொள்ள வேண்டும். இணைப்பைப் பிடித்துக்கொண்டே போகிறவர் எங்கோ ஓரிடத்தில் சலித்துப்போய் வேறு பக்கம் தாவிவிடுவார் என்று கணக்கு. இதைத் திரும்பத் திரும்பச் செய்தால் எண்கள் ஒரு நிலைக்கு வந்து நிற்கும். பேஜ்ரேங்க் என்பது அந்த எண்தான். அன்றைக்கு அவர்கள் கையில் இருந்தவை 2 கோடியே 40 லட்சம் பக்கங்கள்.

அதற்கு முந்தைய தேடுபொறிகள் பெரும்பாலும் பக்கத்தில் இருக்கும் சொற்களையே நம்பின. ஒரே சொல்லை வெள்ளைப் பின்னணியில் வெள்ளை எழுத்தால் நூறு முறை அடித்து வைத்தவன் மேலே வந்தான். பேஜ்ரேங்க் செய்தது, மாப்பிள்ளையைப் பற்றி மாப்பிள்ளை வீட்டில் கேட்காமல் அவர்கள் தெருவில் போய் விசாரிப்பதைப் போன்ற காரியம். நம் ஊர்ப் பெரியவர்களுக்குப் புதிதல்ல. அந்த விசாரணைக்கு ஒரே நிபந்தனைதான்: தெருக்காரர் கைக்குக் காசு போயிருக்கக் கூடாது.

இதைச் சொன்னதும், இணைப்புத் தேடிப் போவதே குற்றம், நல்ல சரக்கு தானே பேசும் என்று சிலர் கிளம்புவார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. சரக்கு தானே பேசுவது கடைவாசலில் ஆள் நடமாட்டம் இருக்கும் ஊரில். புதிதாகத் தொடங்கிய தளத்துக்கு வாசலே கிடையாது. தேடலில் வராததால் யாரும் பார்ப்பதில்லை, யாரும் பார்க்காததால் இணைப்பு வருவதில்லை, இணைப்பு இல்லாததால் தேடலில் வருவதில்லை. இந்த வட்டத்தை எங்காவது வெட்ட வேண்டும். தறி வாங்கித் தந்த நிறுவனத்தின் வாடிக்கையாளர் பக்கத்தில் பெயர் சேர்க்கச் சொல்வதும், தொழிற்சங்கத் தளத்தில் இடம் பிடிப்பதும், நெசவைப் பற்றி எழுதுகிறவருக்கு ‘நான் இப்படி ஒன்று எழுதியிருக்கிறேன், பாருங்கள்’ என்று கடிதம் போடுவதும் ஏமாற்று ஆகாது. செத்துப்போன இணைப்புகளைத் தேடிக் கண்டுபிடித்து, தளத்துக்காரருக்குச் சொல்லி, அந்த இடத்துக்குத் தன் பக்கத்தைப் பரிந்துரைக்கிறவர்கள் உண்டு. இந்தத் தொழிலில் எனக்குப் பிடித்த வேலை அதுதான். கொடுப்பவர், பெறுபவர், படிப்பவர் மூவருக்கும் அதில் ஏதோ கிடைக்கிறது.

கேட்காமலே வந்த இணைப்புக்கு என்ன வலிமை என்று பார்க்க வேண்டுமானால் மதுரைத் திட்டத்தைப் பார்க்கலாம். பேஜ்ரேங்க் கட்டுரை வந்த அதே 1998-இல் தொடங்கியது. தன்னார்வலர்கள் தமிழ் இலக்கியங்களைத் தட்டச்சு செய்து இலவசமாக ஏற்றினார்கள். பல்கலைக்கழகத் தமிழ்த் துறைகளும் வலைப்பதிவர்களும் விக்கிப்பீடியாவும் அதைக் காட்டியதற்குக் காரணம், அந்த நூல் அங்கே இருந்தது என்பதுதான். யாரும் ‘ஐயா, ஒரு லிங்க் கொடுங்கள்’ என்று மின்னஞ்சல் அனுப்பியிருக்க மாட்டார்கள்.

ஆனால் கேட்பது என்றைக்கு வாங்குவதாக மாறுகிறது? அமெரிக்காவின் பழைய சங்கிலிக் கடையான ஜே.சி.பென்னியின் கதை இந்தக் கேள்வியை நன்றாகவே திறந்து காட்டியது. 2010 இறுதியின் பண்டிகைக்கால விற்பனையின்போது கூகுளில் உடை, படுக்கை விரிப்பு, தரைவிரிப்பு என்று எதைத் தேடினாலும் அந்தக் கடையே முதலில் நின்றது. நியூயார்க் டைம்ஸ் 2011 பிப்ரவரியில் ஒரு நிபுணரை வைத்துத் துருவியது. இணைப்பு வந்த பக்கங்கள் இரண்டாயிரத்துக்கும் மேல். அணு பொறியியல் பற்றிய தளத்தின் அடியில் ‘கறுப்பு உடைகள்’. சூதாட்டத் தளத்தில் ‘மாலைநேர உடைகள்’. பல்கேரியாவில் வீடு நிலம் விற்கும் தளத்தில் ‘விருந்து உடைகள்’. பிப்ரவரி 1 அன்று 59 தேடல் சொற்களுக்கு அந்தக் கடையின் சராசரி இடம் 1.3. பத்தாம் தேதி 52. தனக்குத் தெரியாமல் நடந்தது என்று கடை சொன்னது, தன் எஸ்.இ.ஓ. நிறுவனத்தை நீக்கியது. ஞானப்பல் கட்டுரையைப் படித்தபோது எனக்கு அந்தப் பல்கேரிய வீட்டுமனைதான் ஞாபகம் வந்தது. பதின்மூன்று வருடத்தில் உத்தி மாறவில்லை. வாக்கியம்தான் கொஞ்சம் நீளமாகியிருக்கிறது.

அதே 2011 பிப்ரவரியில் ஓவர்ஸ்டாக் என்ற இணையக் கடையும் மாட்டியது. அதன் வழி இன்னும் நயமானது: கல்லூரித் தளத்தில் இணைப்பு போட்டால் மாணவர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் தள்ளுபடி. கல்லூரி முகவரிக்குத் தேடுபொறியிடம் மதிப்பு அதிகம் என்ற நம்பிக்கைக்குத்தான் அந்த விலை.

2012 ஏப்ரல் 24 அன்று கூகுள் ‘பெங்குவின்’ என்ற மாற்றத்தை இறக்கியது. செயற்கை இணைப்புகளை நிரலே மோப்பம் பிடிக்கத் தொடங்கியது. அன்றுமுதல்தான் ‘குவாலிட்டி’ என்ற அடைமொழி இந்தத் தொழிலில் புழங்கத் தொடங்கியது என்பது என் எண்ணம். எண்ணிக்கையை விற்க முடியாமல் போனதால் தரத்தை விற்க வேண்டியதாயிற்று. தரத்தை விற்க அதற்கு ஓர் எண் வேண்டும். அந்த எண்தான் டி.ஏ., அதாவது டொமைன் அத்தாரிட்டி. அது மாஸ் என்ற தனியார் நிறுவனம் தன் கருவிக்காக 1 முதல் 100 வரை போடும் மதிப்பெண். அஹ்ரெஃப்ஸ் என்ற இன்னொரு நிறுவனம் டி.ஆர். என்று ஒன்று வைத்திருக்கிறது. கூகுள் இவற்றைப் பயன்படுத்துவதில்லை. பயனில்லாத கருவிகள் என்று சொல்ல மாட்டேன். போட்டியாளரோடு ஒப்பிட்டுப் பார்க்க உதவும். ஆனால் இடைத்தரகர் இந்த எண்ணை வைத்து விலைப்பட்டியல் போட்ட நாளிலிருந்து அந்த எண்ணை வீங்க வைப்பதே தனித் தொழிலாகிவிட்டது. காலாவதியான பழைய டொமைனை அதன் இணைப்புகளோடு வாங்கி அதன்மேல் நாய் வளர்ப்புக் கட்டுரைகளை ஏற்றினால் டி.ஏ. ஐம்பது தயார்.

இதைத் தம்பிக்குப் புரியவைக்க நான் சிரமப்படவே இல்லை. சதுர அங்குலத்துக்குப் பாவிலும் ஊடையிலும் சேர்த்து எத்தனை நூல் என்பதுதான் விரிப்பின் நூல் எண்ணிக்கை. சிலர் இரட்டை இழை முறுக்கிய நூலை இரண்டாக எண்ணி, முந்நூறை அறுநூறு என்று லேபிளில் அச்சடிக்கிறார்கள். தொட்டுப் பார்த்தால் வித்தியாசம் தெரியும், படத்தில் தெரியாது. வருடக்கணக்காக இவர்களைத் திட்டிக்கொண்டிருப்பவன் அவன். “அப்ப எனக்கு வந்ததும் அறுநூறு லேபிளுங்களாண்ணா?” என்றான்.

பரிமாற்ற இணைப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். நீ எனக்குப் போடு, நான் உனக்குப் போடுகிறேன் என்பது மொய் நோட்டு. அதில் குற்றமில்லை, ஆனால் மொய்ப்பணத்தை வைத்துக் கல்யாண வீட்டின் கௌரவத்தை அளக்க முடியாது. நோட்டைப் பார்த்த யாருக்கும் அது திருப்பிச் செய்ய வேண்டிய கடன் என்று தெரியும், தேடுபொறிக்கும் தெரியும்.

எல்லாப் பழியையும் தரகர் தலையில் போடுவது நியாயமில்லை. இந்தச் சந்தையை உண்டாக்கியது கூகுளின் கணக்கு. இணைப்புக்கு மதிப்பு உண்டு என்று அறிவித்துவிட்டு அதற்கு விலை வைக்காதே என்பது, தேர்தலை அறிவித்துவிட்டு யாரும் ஓட்டுக்குப் பணம் கொடுக்க மாட்டார்கள் என்று நம்புவதைப் போன்றது. விதியை எழுதுவதும், தண்டிப்பதும், காசு கொடுத்தால் முதல் முடிவுக்கு மேலேயே விளம்பரம் போட்டுத் தருவதும் ஒரே நிறுவனம். விளம்பரத்தை நம்பி வாழும் தேடுபொறி விளம்பரதாரர் பக்கம் சாயும் என்று எச்சரித்ததும் அதே 1998 கட்டுரையின் பின்னிணைப்புதான்.

தண்டனையிலும் ஏற்றத்தாழ்வு உண்டு. பாடல் வரித் தளமான ராப் ஜீனியஸ், இணைப்பு கொடுப்பவர்களுக்கு ட்விட்டரில் விளம்பரம் செய்து தருவதாகச் சொல்லி 2013 கிறிஸ்துமஸ் அன்று மாட்டியது; பத்து நாளில் திரும்பி வந்துவிட்டது. பிரிட்டனில் இன்டர்ஃப்ளோரா என்ற பூக்கடை, வட்டார நாளிதழ்களில் விளம்பரக் கட்டுரைகள் போட்டு 2013-இல் தன் சொந்தப் பெயருக்கே தேடலில் காணாமல் போனது. பதினோரு நாளில் மீண்டது. பெங்குவின் அடித்த சின்னத் தளங்கள் என்ன ஆயின? கெட்ட இணைப்புகளை மறுத்து ஒதுக்க 2012 அக்டோபரில் ஒரு கருவி கொடுத்தார்கள், உண்மை. ஆனால் பெங்குவின் அடுத்த முறை புதுப்பிக்கப்படும்வரை துடைத்துச் சுத்தம் செய்தவர்களுக்கும் விமோசனம் இல்லை. 2014 அக்டோபருக்குப் பிறகு அந்தப் புதுப்பிப்பு வந்தது 2016 செப்டம்பரில். இரண்டு வருடம் கடையை மூடி வைக்க எத்தனை பேரால் முடியும்? அதன்பின் முறை மாறியது. கெட்ட இணைப்பைப் பெரும்பாலும் தண்டிக்காமல் மதிப்பில்லாததாக விட்டுவிடுகிறார்கள். தம்பியின் 480-க்கு நேர்ந்தது இதுவாகத்தான் இருக்கும்: அடியும் இல்லை, பலனும் இல்லை.

இணைப்புக்கு இன்று எவ்வளவு எடை என்பதிலும் கூகுள்காரர்களின் பேச்சு ஒரே மாதிரி இல்லை. உள்ளடக்கமும் இணைப்புமே முன்னணிக் காரணிகள் என்று 2016-இல் ஒருவர் சொன்னார். முதல் மூன்றிலேயே இணைப்பு இல்லை என்று 2023-இல் கேரி இல்யெஸ் சொன்னார்.

தமிழில் எழுதுகிறவர்களுக்கு இன்னொரு சிக்கலும் இருக்கிறது. நம்மிடம் இணைப்புக் கொடுக்கும் பழக்கமே தேய்ந்துவிட்டது. தமிழ்மணம் போன்ற திரட்டிகள் ஓடிய காலத்தில் வலைப்பதிவர்கள் சண்டை போடுவதற்குக்கூட எதிராளியின் பதிவுக்கு இணைப்பு கொடுத்துவிட்டுத்தான் போட்டார்கள். அந்தப் பேச்செல்லாம் ஃபேஸ்புக்குக்கும் வாட்ஸப் குழுவுக்கும் குடிபெயர்ந்துவிட்டது. அங்கே ஆயிரம் பேர் பகிர்ந்தாலும் தேடுபொறியின் பேரேட்டில் ஒரு வரி ஏறாது. செய்தித் தளங்கள் பலவும் ‘இணையத்தில் வெளியான தகவலின்படி’ என்று எழுதுமே தவிர எந்த இணையம் என்று காட்டாது. தெருவில் சாட்சி சொல்ல ஆளில்லாதபோது கூலிச் சாட்சிக்குக் கிராக்கி ஏறுகிறது.

தம்பி என்ன செய்தான் என்று சொல்லவில்லையே. நிறுவனத்தை நிறுத்தினான். நூல் எண்ணும் லென்ஸை விரிப்பின்மேல் வைத்துக் கைப்பேசியில் படமெடுத்து, பாவு எது, ஊடை எது, இழையை இரட்டிப்பாக எண்ணுவது எப்படி, வீட்டிலேயே அதைக் கண்டுபிடிப்பது எப்படி என்று தமிழிலும் ஆங்கிலத்திலும் ஒரு பக்கம் எழுதினான். எழுத இருபது நாள் ஆயிற்று. ஜவுளிப் படிப்பு நடத்தும் ஆசிரியர் ஒருவர், வீட்டு உபயோகப் பொருள் பற்றி எழுதும் பெண் ஒருவர், ஒரு நுகர்வோர் அமைப்பு என ஓராண்டில் மூன்றே இணைப்புகள். தளம் இப்போது இரண்டாவது பக்கத்தின் அடியில் நிற்கிறது. இது வெற்றியா என்றால் தயங்குவேன். அந்தப் பக்கத்தைப் படித்துவிட்டு ஒரு விடுதி முதலாளி போன் செய்து நானூறு விரிப்பு கேட்டார். அவர் கூகுள் வழியே வரவில்லை, யாரோ வாட்ஸப்பில் அனுப்பியிருக்கிறார்கள்.

போன வாரம் பழைய நிறுவனத்திலிருந்து புதுத் திட்டம் ஒன்று வந்ததாம். இப்போது லிங்க் இல்லை, ஏ.ஐ. தரும் பதில்களில் கடைப் பெயர் வருவதற்கு இருநூறு ‘மென்ஷன்’. என்ன பதில் போட்டாய் என்று கேட்டேன்.

“மாதிரிக்குப் பத்து அனுப்பச் சொன்னேனுங்கண்ணா. லென்ஸ் வெச்சுப் பாத்துட்டுச் சொல்றேன்னு.”