எந்த முள்?

கிராமபோனைப் பற்றி எழுதுகிறவர்கள் பெட்டியைப் பற்றி எழுதுவார்கள். குழாயைப் பற்றியும் அதன்முன் உட்கார்ந்திருக்கும் நாயைப் பற்றியும் எழுதுவார்கள். முள்ளைப் பற்றி எழுதுகிறவர் சொற்பம். ஆனால் தட்டின்மேல் படுவது முள் ஒன்றுதான். பாட்டை எடுத்துக் கொடுப்பதும் அது; பாட்டைத் தேய்த்து அழிப்பதும் அது. இசைத்தட்டு மோகம் மறுபடியும் வந்திருக்கிற இந்நாளில் இதைச் சற்று விஸ்தாரமாகவே சொல்லலாம் என்று நினைக்கிறேன்.

உடன்குடியில் கருப்பட்டி வியாபாரம் செய்யும் சிநேகிதர் ஒருவர் வீட்டில் இரண்டு பெட்டி நிறையத் தட்டுகள் இருக்கின்றன. அவருடைய தகப்பனார் கல்யாண வீடுகளுக்கும் கோயில் கொடைகளுக்கும் ரேடியோ செட் கட்டியவர். டி.என். ராஜரத்தினம் பிள்ளையின் தோடி, கே.பி. சுந்தராம்பாள், நாகூர் ஹனீபா, 'கொஞ்சும் சலங்கை' (1962) படத்தில் எஸ். ஜானகியின் குரலோடு காருகுறிச்சி அருணாசலம் நாகசுரம் வாசித்த பாட்டு எல்லாம் உண்டு. "அண்ணாச்சி, சின்னதா ஒரு பிளேயர் வாங்கணும். எந்த கார்ட்ரிட்ஜ் நல்லது? பெருசா ஒண்ணும் வேண்டாம்" என்று கேட்டார். சூட்கேஸ் மாதிரி மூடித் தூக்கிக்கொண்டு போகக்கூடிய ஒரு பிளேயரின் படத்தையும் காட்டினார். படம் அழகாகத்தான் இருந்தது.

முள்ளின் அசைவை மின்சாரமாக மாற்றும் சின்னக் கூட்டுக்குத்தான் கார்ட்ரிட்ஜ் என்று பெயர். சாவி கொடுக்கும் பெட்டிகளில் அது கிடையாது. உருக்கு ஊசி நேராகத் தகட்டை அதிர வைக்கும். நூறு கிராமுக்கு மேல் பாரம் தட்டின்மேல் இறங்கும். அரக்குத் தட்டில் கல்பொடி கலந்திருப்பார்கள். அந்தப் பொடி ஊசியை அராவித் தன் பள்ளத்துக்குப் பொருந்தச் செய்யும். அதனால்தான் ஒரு பக்கத்துக்கு ஒரு ஊசி என்று கணக்கு. சிக்கனம் கருதி ஒரே ஊசியில் பத்துப் பாட்டு ஓட்டிய வீடுகளின் தட்டுகள் இன்று சாம்பல் நிறமாகி இரைகின்றன. அதே உருக்கு ஊசியை வினைல் எல்.பி.யின்மேல் வைத்தால் ஒரே தடவையில் தட்டு பாழ்.

சூட்கேஸ் பிளேயர்களில் சாதாரணமாக இருப்பது செராமிக் கார்ட்ரிட்ஜ். அதை நான் அடியோடு பழிக்க மாட்டேன். அதிலிருந்து கிளம்பும் மின்சாரம் தாராளமானது. அந்தக் காலத்து வால்வு ரேடியோவின் பின்னால் நேராகச் செருகினால் போதும், பாடும். நடுத்தர வீடுகளுக்குள் எல்.பி. நுழைந்தது அதன் தயவால்தான். ஆனால் அதன் முள் விறைப்பானது. ஐந்து கிராம் அளவுக்கு அழுத்துகிறது. முள்ளின் நுனியோ மயிரிழையைவிட மெல்லியது. அந்த நுனியில் ஐந்து கிராம் என்பது பெரிய பாரம்.

நாகசுரத்தை வைத்துப் பார்த்தால் இது விளங்கும். மேல் ஸ்தாயியில் நின்று ஊதும்போது பள்ளத்தின் நெளிவு வேகமாகவும் செங்குத்தாகவும் வருகிறது. விறைத்த முள் அந்தத் திருப்பத்தில் திரும்ப முடியாமல் சுவரைச் செதுக்கிக்கொண்டு போகிறது. எல்.பி.யின் கடைசிச் சுற்றுகளில் நிலைமை இன்னும் மோசம். ஓரத்தில் ஓடுவதைப்போல் பாதிக்கும் குறைவான வேகத்தில்தான் அங்கே பள்ளம் நகரும். நெளிவுகள் நெருங்கிக் கிடக்கும். செதுக்கிய சுவரை ஒட்டவைக்க முடியாது. ஐம்பதாவது முறை போடும்போது கேட்பது காருகுறிச்சியாரின் சீவாளி அல்ல, கரகரப்பு.

காந்த முள் என்று சொல்லத்தக்க மூவிங் மாக்னெட் வகையே இந்த வீட்டுக்கு ஏற்றது. இரண்டு கிராம் பாரம் போதும். அதிலிருந்து வருவது சில மில்லிவோல்ட்தான். ஆகையால் அதைப் பெருக்கி, ஒலிப்பதிவின்போது குறைத்த கீழ்ச்சுரங்களை நிரவிக் கொடுக்கும் போனோ பிரீஆம்ப் வேண்டும். பிரீஆம்பை உள்ளேயே அடக்கிய டர்ன்டேபிள்கள் கிடைக்கின்றன. அதோடு ஆம்ப்ளிஃபயர் சேர்ந்த ஸ்பீக்கர் ஒரு ஜோடி இருந்தால் காரியம் முடிந்தது. மூவிங் காயில் என்ற வகையை ரசிகர்கள் வானளாவப் புகழ்கிறார்கள். விலை அதிகம், பெரும்பாலானவற்றில் முள் தேய்ந்தால் வீட்டிலேயே கழற்றி மாற்ற முடியாது. நம்மைப் போன்றவர்களுக்கு அது வேண்டாத ஆடம்பரம்.

முள்ளை மாற்றுவது என்பதுதான் என் கட்சி. சிநேகிதரின் தட்டுகளில் பாதி 78 வேகத் தட்டுகள். அவற்றின் பள்ளம் அகலம்; முள்நுனியின் ஆரம் சுமார் 0.07 மில்லிமீட்டர் இருக்கவேண்டும். ஸ்டீரியோ எல்.பி.க்கோ 0.018 போதும். சின்ன முள்ளை அகலப் பள்ளத்தில் விட்டால் அது அடியில் கிடக்கும் தூசியில் உருண்டு, பாட்டைவிட்டு இரைச்சலை வாசிக்கும். சூட்கேஸ்காரர்கள் 78 என்று ஒரு பொத்தான் வைத்துவிட்டு எல்.பி. முள்ளையே கொடுப்பதைப் பார்க்கும்போது எனக்குக் கோபம் வருகிறது. ஆடியோ டெக்னிக்கா 2018-ல் கொண்டுவந்த வி.எம்.95 வரிசை போன்றவற்றில் ஒரே கூட்டில் எல்.பி. முள்ளையும் 78 முள்ளையும் மாற்றி மாற்றிச் செருகலாம். 78 முள்ளுக்கு ஐந்து கிராம் தரலாம். அகலப் பள்ளம் தாங்கும். ஆகவே பாரத்தைக் கூட்டிக் குறைக்க வசதியுள்ள கையும், 78 வேகமும் இருக்கிறதா என்று முதலில் பார்க்கவேண்டும். இன்றைய டர்ன்டேபிள்கள் பலவற்றில் அந்த வேகமே கிடையாது. பழைய தட்டைக் கேட்கும்போது இரண்டு சானல்களையும் ஒன்றாக்கிவிட்டால் இரைச்சலில் ஒரு பங்கு தானே அடங்கும்.

நல்ல கார்ட்ரிட்ஜ் இரண்டுக்கு இடையே உள்ள வித்தியாசம் நுட்பமானது; வாதம் செய்ய உதவும். தேய்ந்த முள்ளுக்கும் புது முள்ளுக்கும் உள்ள வித்தியாசம் வாசலில் நிற்பவருக்கும் கேட்கும். வைர முள்ளே ஆயிரம் மணிக்குமேல் உழைக்காது. உடன்குடியில் அதற்கும் முன்பே பரிசோதிப்பது நல்லது. ஆடி மாதம் தேரிக்காட்டுச் செம்மணல் காற்றோடு வீட்டுக்குள் வருகிறது. கூடவே கடலின் ஈரம். அந்த மணல் பள்ளத்தில் இருக்க, எந்த ஊர் முள்ளும் உப்புத்தாள் வேலைதான் செய்யும். ஒவ்வொரு பக்கத்துக்கும் முன்னால் தட்டை மெல்லிய பிரஷ்ஷால் சுற்றுவாட்டில் துடைக்கவேண்டும். முள்ளையும் பின்னிருந்து முன்னாகத் துடைக்கவேண்டும். பக்கவாட்டில் துடைத்தால் முள்ளைத் தாங்கும் குச்சி ஒடிந்துவிடும்.