திண்ணைச் சுவரில் ஒரு பங்க்!

"ஆரணியில எலெக்ட்ரிக் காரை வெச்சிக்கிட்டு எங்க போய் சார்ஜ் போடுவே?" என்று கேட்காத ஆள் இல்லை. எங்கேயும் போக வேண்டாம் சாமி, வீட்டு வாசலிலேயே போடுகிறேன்! கார் பிரமாதம்தான். ஆனால் என்னைச் சொக்க வைத்தது, திண்ணைச் சுவரில் மாட்டியிருக்கும் அந்தச் சின்ன சார்ஜர் பெட்டி.

வண்டி டாடா டியாகோ, 24 யூனிட் பேட்டரி. சாதாரண 15 ஆம்பியர் பிளக்கில் போட்டாலே ஒன்பது மணி நேரத்துக்குள் நிரம்பிவிடும். ராத்திரி தூங்கி எழுபவருக்கு அதுவே போதும். எனக்குத்தான் ஆசை விடவில்லை! 7.2 கிலோவாட் ஏற்றும் மாடலாகக் கேட்டு வாங்கி, அதற்கேற்ற சார்ஜரையும் மாட்டினேன். மூன்றரை மணி நேரத்தில் ஃபுல்!

வீட்டு இணைப்பிலேயே வண்டிக்குச் சார்ஜ் போடலாம் என்று மத்திய அரசின் 2022 வழிகாட்டுதலே சொல்லிவிட்டது. ஈ.பி.யில் மனு கொடுத்து லோடைக் கூட்டி, த்ரீ ஃபேஸ் வாங்கினோம். எங்கள் ஊர்க்காரர்களுக்கு ஒரு வார்த்தை: கைத்தறிக்கு இரண்டு மாதத்துக்கு 300 யூனிட் இலவசமாக வருகிறதே, அந்த மீட்டரில் வண்டியைச் சொருகிவிடாதீர்கள். அது தறிக்காகக் கொடுப்பது.

பெட்டிக்கென்று மீட்டர் போர்டிலிருந்து தனி லைன். 6 ஸ்கொயர் காப்பர் ஒயர், 40 ஆம்பியர் எம்.சி.பி., 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே கரண்ட்டை வெட்டிவிடும் ஆர்.சி.சி.பி. இவ்வளவும் ஒரு பகல் வேலை. நேரம் பிடித்தது எர்த்துக்குத்தான். எர்த் சரியில்லாவிட்டால் பெட்டி சிவப்பு விளக்கைக் காட்டிவிட்டுச் சும்மா இருந்துவிடும். அவ்வளவு ரோஷம்! கடப்பாரையோடு வந்த எலெக்ட்ரீஷியன் தம்பி வீட்டுக்குள் எட்டிப் பார்த்து, "அண்ணே, தறிக்குழி ரெடியா இருக்கே, அதுலயே எர்த்து போட்டுடட்டுமா?" என்றான். நெய்துகொண்டிருந்த அம்மா, "போட்டுத்தான் பாரேன்" என்று நாடாவை ஓங்கினாள். கடைசியில் வாசலோரம் குழி தோண்டி, கம்பியை இறக்கி, கரியும் உப்புமாக அடுக்கடுக்காய்க் கொட்டித் தண்ணீர் ஊற்றினான். ஸ்விட்சைப் போட்டதும் பச்சை விளக்கு. தெருவே கைதட்டியது!

"ராத்திரி பூரா கரண்ட் குடிச்சா பில்லு இன்னாத்துக்கு ஆவும்?" என்று ஆயாவுக்குக் கவலை. யூனிட் பத்து ரூபாய் என்றே வைத்துக்கொள்ளுங்கள். வழியில் சேதாரம் கொஞ்சம் சேர்த்தாலும் ஒரு ஃபுல் சார்ஜ் 270 ரூபாய்க்குள். நிதானமாக ஓட்டினால் 200 கிலோமீட்டர். கிலோமீட்டருக்கு ஒன்றரை ரூபாய்கூட இல்லை! பெட்ரோல் வண்டியில் ஆறு ரூபாய் கரைந்த இடம் இது.

புடவைக் கட்டுகளைப் பின்சீட்டில் அடுக்கிக்கொண்டு செய்யாறு வழியாகக் காஞ்சிபுரம் போய், ஜரிகை வாங்கித் திரும்பினாலும் சார்ஜ் மிச்சம் இருக்கிறது. பாதி ராத்திரியில் கரண்ட் போனால், வந்ததும் பெட்டி தானாகவே விட்ட இடத்திலிருந்து ஏற்றுகிறது. நான் எழுந்திருக்கக்கூட வேண்டியதில்லை. பங்கில் வரிசையில் நின்று எத்தனை நாளாயிற்று!

சொந்த வீடும் வண்டி நிறுத்த ஓர் ஓரமும் இருக்கிறதா? யோசிக்கவே யோசிக்காதீர்கள். ஷோரூமுக்குப் போகும் முன்பே எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த்தைப் பார்க்கச் சொல்லுங்கள். அது சரியாக இருந்தால் பாதிக் கார் வாங்கியாயிற்று!