தோள் வலிக்காத டெலி லென்ஸ்: சுங்கை பூலோவில் கேனான் 100-400

திருச்சியிலிருந்தோ சென்னையிலிருந்தோ சிங்கப்பூருக்குப் பறப்பவரின் கைப்பைக்கு இண்டிகோ கொடுப்பது ஏழு கிலோ. பறவைப் படம் எடுப்பவருக்கு அது போதவே போதாது. கேனானின் 200-800 லென்ஸ் ஒன்றே இரண்டு கிலோவைத் தாண்டும். கேமரா, சார்ஜர், மடிக்கணினி சேர்ந்தால் மாற்றுத்துணிக்கு இடம் தேட வேண்டியிருக்கும்.

2021-இல் வந்த ஆர்எஃப் 100-400 லென்ஸின் எடை 635 கிராம். அடுத்த ஆண்டு வந்த இஓஎஸ் ஆர்7 கேமரா, பேட்டரியும் கார்டும் போட்டபின் 612 கிராம். இரண்டும் சேர்ந்து ஒன்றேகால் கிலோதான். ஆர்7-இன் சென்சார் சிறியது. அதனால் 400 மி.மீ. முனையில், முழுச்சட்ட கேமராவில் 640 மி.மீ. லென்ஸ் காட்டும் நெருக்கம் கிடைக்கிறது. வெளிநாட்டுப் பயணத்தில் காட்டுயிர் எடுக்க விரும்பும் சாதாரணச் சம்பளக்காரர் முதலில் பார்க்க வேண்டிய ஜோடி இதுதான்.

இதைச் சோதிக்கச் சிங்கப்பூர் அருமையான இடம். லிட்டில் இந்தியாவில் அறை எடுத்தவர், காலையில் எம்ஆர்டி பிடித்து கிராஞ்சியில் இறங்கி, 925 பேருந்தில் ஏறினால் சுங்கை பூலோ சதுப்புநிலக் காப்பகத்துக்குப் போய்விடலாம். 1993-இல் இயற்கைப் பூங்காவாகத் திறக்கப்பட்டு, 2002-இல் சட்டப்படி காப்பகமான அலையாத்திக் காடு அது. செப்டம்பர் முதல் மார்ச் வரை உள்ளான்களும் உப்புக்கொத்திகளும் வடக்கிலிருந்து வந்து சேற்றில் இரை தேடும். பாலத்தின் மேல் நின்றால், நீர் வற்றிய நேரத்தில் உவர்நீர் முதலை கரையேறிக் கிடப்பதையும் பார்க்கலாம்.

முதலையைப் படமெடுக்கும்போது இந்த லென்ஸின் அதிர்வுத் தடுப்பு எவ்வளவு உதவுகிறது என்பது தெரிகிறது. தனியாக ஐந்தரை ஸ்டாப், கேமராவின் உள் தடுப்போடு சேர்ந்தால் ஆறு ஸ்டாப் என்கிறது கேனான். அசையாமல் கிடக்கும் முதலையை முக்காலி இல்லாமல் 1/60 விநாடியில் எடுத்தாலும் செதில்கள் தெளிவாக விழுகின்றன. ஆர்7-இன் விலங்கு அடையாளம் காணும் வசதி நாய், பூனை, பறவைகளுக்காக அமைந்தது. ஊர்வனவற்றுக்கு அதை நம்பாமல், ஒற்றைப் புள்ளியைக் கண்ணின் மேல் வைத்துக் குவிப்பதே பாதுகாப்பு. அலையாத்தி வேர்களின் பின்னால் நிற்கும் பறவைக்கும் இதுவே வழி. இல்லையென்றால் முன்னால் இருக்கும் வேரில் போய்க் குவிந்துவிடும்.

மீன்கொத்தி கிளையை விட்டுப் பாயும் நொடிக்கு ஆர்7-இல் ஓர் அருமையான வசதி இருக்கிறது. விநாடிக்கு 30 படம் எடுக்கும் ரா பர்ஸ்ட் முறையில், பொத்தானை முழுதாக அழுத்துவதற்கு முந்தைய அரை விநாடியும் பதிவாகிறது. ஆனால் அது மின்னணு ஷட்டர். இந்த சென்சார் மெதுவாக வாசிப்பதால், வேகமாக அடிக்கும் சிறகு வளைந்து விழுகிறது. பறக்கும் பறவைக்கு விநாடிக்கு 15 படம் எடுக்கும் மெக்கானிக்கல் ஷட்டரே சரி. அதிலும் ரா கோப்புகள் மூன்று நான்கு விநாடிகளில் நினைவகத்தை நிரப்பிவிடும். பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டே இருக்கக் கூடாது.

பெரிய குறை வெளிச்சம். 400 மி.மீ.யில் இந்த லென்ஸின் துவாரம் எஃப்/8-க்கு மேல் திறக்காது. சிங்கப்பூரில் ஆண்டு முழுவதும் சூரியன் ஏழு மணியை ஒட்டித்தான் உதிக்கிறது. திறந்த சேற்றுவெளியில் எட்டு மணிக்கு மேல் கவலையில்லை. மெக்ரிட்சி காட்டின் மரநிழலுக்குள் புகுந்தால் நிலைமை வேறு. அங்கே தாவும் குரங்கை உறைய வைக்க 1/1000 விநாடி கேட்டால் ஐஎஸ்ஓ 12800-ஐத் தொட்டுவிடுகிறது. சிறிய சென்சாரில் மயிரிழைகள் மங்கி, நிறம் சோர்ந்துபோகிறது.

நீர்நாய்க்கு அந்தச் சிக்கல் இல்லை. கான்கிரீட் கால்வாயாக இருந்த காலாங் ஆற்றின் ஒரு பகுதி, பீஷான்-அங் மோ கியோ பூங்காவுக்குள் வளைந்தோடும் இயற்கை ஆறாக மாற்றப்பட்டு 2012-இல் திறக்கப்பட்டது. வெட்டவெளிக் கரையில் மீனைக் கடித்துத் தின்னும் நீர்நாய்க் குடும்பத்துக்கு 640 மி.மீ. நெருக்கம் தாராளம். குட்டிகள் இருக்கும்போது தாய் சீறும். தள்ளி நின்றே முகம் நிறையப் படமெடுக்க முடிவது அவற்றுக்கும் நல்லது. தின்பண்டம் போட்டு அருகில் வரவழைக்கும் எண்ணம் வேண்டவே வேண்டாம். வனவிலங்குச் சட்டத்தின்படி முதல் முறைக்கே 5,000 சிங்கப்பூர் வெள்ளி வரை அபராதம்.

லிட்டில் இந்தியாவிலும் இந்த லென்ஸுக்கு வேலை உண்டு. சிராங்கூன் சாலையின் எதிர்ப் பக்கத்தில் நின்று ஸ்ரீ வீரமாகாளியம்மன் கோயில் கோபுரச் சிலைகளை ஒவ்வொன்றாக நெருங்கிப் பார்க்கலாம். ஏறக்குறைய ஒரு மீட்டரில் குவிந்து 0.41 மடங்கு பெரிதாக்குவதால், கேம்பல் லேன் பூக்கடை மல்லிகைச் சரமும் சுங்கை பூலோ தும்பியும் மேக்ரோ லென்ஸ் இல்லாமலே கிடைக்கின்றன. நெருக்கடியான தெருவில் மனிதர்களை எடுக்க இது ஏற்றதல்ல. கைபேசியே போதும், அனுமதி கேட்டுவிட்டு.

லென்ஸுக்கு மழைக்காப்பு கிடையாது. சிங்கப்பூர் மழை சொல்லிக்கொண்டு வருவதில்லை. பையில் மழையுறை கட்டாயம். வெயில்மூடியும் பெட்டியில் வராது, தனியாக வாங்க வேண்டும். ஏசி அறையிலிருந்து நேராக வெளியே எடுத்தால் கண்ணாடியில் ஈரம் படரும். பையை மூடியபடி அரை மணி நேரம் வெளிச்சூட்டில் வைத்துவிட்டுத் திறப்பது நல்லது. ஈரம் தங்கினால் பூஞ்சை பிடிக்கும். சிங்கப்பூர்ப் படக்காரர்கள் பலர் வீட்டில் ட்ரை கேபினட் வைத்திருப்பது அதற்காகத்தான்.

கோடியக்கரை, வேடந்தாங்கல் போகிறவருக்கும் இந்த ஜோடியைத் தயங்காமல் பரிந்துரைக்கலாம். வால்பாறைச் சோலையில் இருவாச்சி தேடுபவர் இதே லென்ஸை முழுச்சட்ட ஆர்6 மார்க் 2-இல் மாட்டுவது மேல். நெருக்கம் குறையும், நிழலில் படம் சுத்தமாக வரும். சிங்கப்பூரிலேயே வாங்க நினைப்பவர், 100 வெள்ளிக்கு மேல் வாங்கும் சுற்றுப்பயணிக்கு 9 விழுக்காடு பொருள் சேவை வரியில் பெரும்பகுதி விமான நிலையத்தில் திரும்பக் கிடைக்கும் என்பதைக் கணக்கில் சேர்த்துக்கொண்டு, அந்தத் திட்டத்தில் உள்ள கடைதானா என்று பணம் கட்டுமுன் கேட்டுவிடலாம்.