மாணவரின் குரலும் இயந்திரத்தின் குரலும்

ஏறாவூரிலிருந்து வந்தாறுமூலைக்குப் பஸ்ஸிற் செல்ல அதிக நேரம் பிடிப்பதில்லை. செங்கலடிச் சந்தியைக் கடந்து சற்றுத் தூரம் சென்றால் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் வாயில் வந்துவிடும். 1981ஆம் ஆண்டிற் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி 1986இற் பல்கலைக்கழகமாக உயர்ந்த அந்நிறுவனம், வாவியில் வலை வீசுபவனின் பிள்ளையும் வயலிற் கூலி வேலை செய்பவளின் பிள்ளையும் உயர்கல்வி பெறலாம் என்ற நம்பிக்கையின் கண்கூடான வடிவமாகும். ஆயினும் இந்தக் குறுகிய தூரத்தைக் கடப்பதற்குப் பரீட்சைப் பெறுபேறும் பிரயாணச் சீட்டும் மட்டும் போதாத மாணவர் சிலர் நம்மிடையே உளர். ஓட்டிசம் உடைய மாணவரையே குறிப்பிடுகிறோம். தமிழகத்தார் இதனை ஆட்டிசம் என எழுதுவர்.

இவர்கள் எங்கோ ஒருவர், இருவர் என்று எண்ணுவது தவறு. இலங்கையில் 18 முதல் 24 மாதக் குழந்தைகள் 374 பேரைப் பரிசோதித்து 2009இல் வெளியிடப்பட்ட ஆய்வொன்று, ஏறத்தாழ 93 பேருக்கு ஒருவரிடம் ஓட்டிசத்தைக் கண்டது. சிறிய ஆய்வுதான், அதை வைத்து நாடு முழுவதற்கும் கணக்குச் சொல்லிவிட முடியாது. ஆனால் அக்குழந்தைகள் இன்று உயர்தர வகுப்பின் வயதை எட்டிவிட்டவர்கள் என்பதை மட்டும் ஆசிரிய நண்பர்கள் எண்ணிப் பார்க்கட்டும்.

நமது கலையும் இலக்கியமும் இவர்களைப் பற்றி என்ன சொல்லியிருக்கின்றன? 2013இல் குமரவேலன் இயக்கத்தில் வெளிவந்த ‘ஹரிதாஸ்’ என்ற தமிழ்த் திரைப்படம் இத்தகைய சிறுவனொருவனைக் கேலிப் பொருளாக்காமற் காட்டியது. அதற்காக அதனைப் பாராட்டுதல் வேண்டும். அதே ஆண்டில் யெஸ். பாலபாரதியின் ‘ஆட்டிசம்: சில புரிதல்கள்’ என்ற நூல் பெற்றோருக்கு எளிய தமிழில் விஷயத்தை விளக்கியது. இவை நற்பணிகள். ஆனால் திரைப்படத்தின் அடிப்படைக் குறையை நாம் மறைக்கலாகாது. அதில் ஒரு தந்தையின் தியாகமும் ஓர் ஆசிரியையின் அன்புமே வழி. ஓட்டப் பந்தயமே விடிவு. பள்ளிக்கூடம் என்ற சமுதாய நிறுவனம் மாற வேண்டும் என்ற எண்ணம் கதையின் மையத்திற்கு வருவதேயில்லை. மேலும், சிறுவன் வளர்ந்து பத்தொன்பது வயதை அடைந்த பின் அவனுக்கு என்ன நேர்கிறது? நமது எழுத்தாளர்கள் அவனை அத்துடன் மறந்துவிடுகிறார்கள். பெண்பிள்ளையின் நிலை இன்னும் மோசம். அவளுடைய மௌனத்தை அடக்கம் என்று போற்றுகின்ற சமுதாயத்தில், அவளுக்கு ஓட்டிசம் இருப்பதே பலருக்குத் தெரிவதில்லை.

அண்மைக் காலத்தில் வேறொரு கதாநாயகன் தோன்றியிருக்கிறான். அவன் பெயர் தொழில்நுட்பம். கைத்தொலைபேசியும் செயலியும் வந்துவிட்டன, இனி இம்மாணவர் கல்லூரிக்குச் செல்வதில் தடையில்லை என்று பேசப்படுகிறது. கூர்ந்து நோக்கின் இது பழைய கதையேயாகும். தியாகத் தந்தை நின்ற இடத்தில் இப்பொழுது ஒரு கருவி நிற்கிறது. நிறுவனம் முன்போலவே கைகட்டி வேடிக்கை பார்க்கிறது.

இப்படிச் சொல்வதனால் நாம் கருவிகளுக்குப் பகைவர் அல்லோம். பள்ளியில் மணி அடிக்கும், இருக்கை மாறாது, ஆசிரியர் முகம் பழகியது. பல்கலைக்கழகத்திலோ மண்டபம் மாறும், நேரம் மாறும், தமிழிற் படித்தவர் பல பாடங்களை ஆங்கிலத்திற் கேட்க நேரும். நூற்றுக்கணக்கானோரின் இரைச்சலில் விரிவுரையாளரின் சொல்லைப் பிரித்தெடுப்பதே சிலருக்குப் பெரும்பாடு. இங்கே இரைச்சலைத் தணிக்கும் காதணி உதவும். விரிவுரையின் ஒலிப்பதிவை வீட்டிற் போட்டு மீண்டும் கேட்கலாம். நேர அட்டவணையை நினைவூட்டும் கைத்தொலைபேசியும், வாயாற் கேட்கத் தயங்கும் வினாவை எழுதி அனுப்பும் வசதியும் உதவும். இவற்றுள் எதுவும் அற்புதமன்று. எல்லாம் சாதாரணப் பொருள்கள்.

அமெரிக்கப் பெண்மணி டெம்பிள் கிராண்டினின் வரலாறு இவ்விடத்தில் நமக்குப் பாடமாகிறது. 1960களில், பதினெட்டு வயதளவில், மாடுகளை அசையாது பிடிக்கும் சட்டம் அவற்றைச் சாந்தப்படுத்துவதைத் தம் உறவினரின் பண்ணையிற் கண்டு, தமது உடற்பதற்றத்தைத் தணிக்க அதேபோன்று ஒரு சட்டத்தைத் தாமே செய்துகொண்டார். உளவியலாளர்கள் அதனை ஐயத்துடன் நோக்கினர். பள்ளியின் விஞ்ஞான ஆசிரியர் ஒருவர் மாத்திரம், அது ஏன் பயன் தருகிறது என்பதை நீயே ஆராய்ந்து பார் என ஊக்கினார். அந்த மாணவி கல்லூரி சென்று 1970இற் பட்டம் பெற்றார். பின்னர் விலங்கு விஞ்ஞானப் பேராசிரியரானார். அங்கே கருவியைத் தேர்ந்தவர் யார்? மாணவியே. இன்று கடைகளில் விற்கப்படுவனவற்றுள், பிள்ளை எங்கே நிற்கிறது என்று பெற்றோருக்கு அறிவிக்கும் கருவிகளும் உள்ளன. வயதுவந்த மாணவர் ஒருவரை அவர் சம்மதமின்றி இவ்வாறு கண்காணிப்பதற்கு உதவி என்று பெயர் சூட்டலாமோ?

பேச்சு வராதவருக்குப் படங்களைத் தொட்டால் சொல்லை ஒலிக்கும் ‘ஆவாஸ்’ என்ற சாதனம் சென்னையில் உருவானது. அஜித் நாராயணன் என்ற பொறியியலாளர், வித்யாசாகர் என்ற நிறுவனத்தின் பிள்ளைகளுடைய தேவையை அறிந்து அதனை ஆக்கினார். பின்னர் அது ஓட்டிசம் உடைய பிள்ளைகளுக்கான செயலியாகவும் வளர்ந்தது. மேல்நாட்டுச் சாதனங்களின் விலை நம்மவர்க்கு எட்டாதிருந்த காலத்தில் இது பெருஞ் சாதனையே. ஆனால் எட்டும் விலை என்பதும் யாருக்கு எட்டுவது என்ற கேள்விக்கு உட்பட்டது. 2022ஆம் ஆண்டின் நெருக்கடியில் மின்சாரம் நாளொன்றுக்குப் பல மணி நேரம் நின்றதையும் கைத்தொலைபேசியின் விலை ஏறியதையும் நம் வாசகர் மறந்திருக்கமாட்டார்கள். கருவியை வாங்குவது குடும்பத்தின் பொறுப்பு என்று விட்டுவிட்டால், உயர்கல்வி மறுபடியும் வசதியுள்ளவரின் சொத்தாகும்.

ஒரு மாணவருக்கென்று ஒலிப்பதிவு கேட்டால் அது சலுகை, அதனால் தரம் குன்றும் என ஆசிரியர் சிலர் கூறுவர். 2020இல் கொரோனாவின் காரணமாக வகுப்புகள் இணையவழி நடந்தபோது, பல இடங்களில் விரிவுரைப் பதிவுகள் எல்லோருக்கும் கிடைத்தன. அப்பொழுது தரம் குன்றியதென யாரும் அந்த ஏற்பாட்டை நிறுத்தக் கோரவில்லை. எல்லோருக்கும் வேண்டியிருந்தபோது ஏற்பாடு. ஒருவருக்கு வேண்டியிருக்கும்போது சலுகை! 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம், இயலாமையின் காரணமாகக் கல்வி நிறுவன அனுமதியிற் பாகுபாடு காட்டலாகாது என்கிறது. இயலாமையுடையோரின் உரிமைகள் பற்றிய ஐக்கிய நாடுகள் சாசனத்தையும் இலங்கை 2016இல் ஏற்றுறுதி செய்தது. அச்சாசனம் உயர்கல்வியிலும் நியாயமான ஏற்பாடுகளை அரசின் கடமையாக்குகிறது. அனுமதி கொடுத்துவிட்டு மண்டபத்திற் கைவிடுவது அதன் நோக்கமன்று.

பகிடிவதையை இங்கே கூறாமல் விடுவது நேர்மையாகாது. 1998இலேயே அதற்கெதிராகச் சட்டம் வந்தும் அது ஒழியவில்லை. குறிப்பையும் கிண்டலையும் பிரித்தறிய இயலாத, தொடுகையும் கூச்சலும் உடல்வேதனையாகும் ஓர் இளைஞர்மீது அது என்ன செய்யும்! இதற்கு எந்தச் செயலியும் மருந்தன்று. இது மாணவர் சங்கங்களின் வேலை. முற்போக்காளர் என்று தம்மை அழைத்துக்கொள்ளும் மாணவ நண்பர்களிடமே முதலில் இதனைக் கேட்கிறோம்.

இறுதியாக மொழி பற்றி ஒரு சொல். பேசும் செயலிகளின் தமிழ் பெரும்பாலும் தமிழக ஏட்டுத் தமிழ். ஏறாவூர் வீட்டில் தாய் ‘மறுகா வா’ என்கிறாள். ‘கிறுகிப் பார்’ என்கிறாள். பிள்ளையின் கருவியிலோ ‘பிறகு’ உண்டு, ‘மறுகா’ இல்லை. தன் வீட்டுச் சொல் இல்லாத குரலை ஒருவர் தன் குரலென்று எப்படி ஏற்பார்? இத்தகைய செயலிகளிற் புதிய சொல்லையும் படத்தையும் நாமே சேர்க்க இடமுண்டு. மட்டக்களப்புப் பேச்சுவழக்கைப் பற்றிக் கட்டுரை எழுதும் நம் தமிழ் மாணவர்கள், அம்மாணவருடன் ஒரு மாலைப்பொழுது அமர்ந்து, எந்தச் சொல் வேண்டும் என்று அவரையே கேட்டுச் சேர்த்துக் கொடுக்கலாம். ‘மறுகா’விலிருந்து தொடங்கலாம்.