கோதுமை வயலை எப்படி ரசிப்பது?

ஆக்னஸ் டெனெஸ் என்ற பெயரை இணையத்தில் தேடினால் முதலில் வந்து நிற்பது ஒரு புகைப்படம். முற்றிய கோதுமை வயல். கதிர்களுக்கு நடுவே, கையில் நீண்ட கோலுடன் ஒரு பெண். அவருக்குப் பின்னால் நியூயார்க்கின் மன்ஹாட்டன் தீவில் நெருக்கியடித்து நிற்கும் கட்டடங்கள். ஆண்டு 1982. உலக வர்த்தக மையத்தின் இரட்டைக் கோபுரங்கள் அப்போது நின்றுகொண்டிருந்தன. பங்குச்சந்தை இயங்கும் வால் ஸ்ட்ரீட் கூப்பிடு தூரம். இரண்டு படங்களை வெட்டி ஒட்டியிருக்கிறார்கள் என்றுதான் முதலில் தோன்றும். ஆனால் வயல் நிஜம். படத்தில் நிற்கும் டெனெஸ்தான் அங்கே மண் கொண்டுவந்து கொட்டி, விதைத்து, களையெடுத்து, அறுத்தவர். ‘கோதுமை வயல்: ஒரு மோதல்’ என்று அதற்குப் பெயர் வைத்தார். புகைப்படம் வெறும் சாட்சி. படைப்பு, அந்த வயல்.

‘இதில் என்ன கலை இருக்கிறது? எங்கள் ஊரில் போகத்துக்குப் போகம் இதைத்தானே செய்கிறோம்?’ என்று ஒருவர் கேட்டால், அவர் சரியான இடத்தில் தொடங்குகிறார் என்பேன். செடி, மண், உணவு இவற்றைக் கொண்டே செய்யப்படும் கலை கடந்த ஐம்பது, அறுபது ஆண்டுகளில் உலகெங்கும் பெருகியிருக்கிறது. இதை ரசிக்க ஓவியக் கண் மட்டும் இருந்தால் போதாது, உழவுக் கண்ணும் வேண்டும். தாத்தா காலத்தில் நாலு மா நிலம் இருந்த வீட்டில் பிறந்தவருக்கு இந்த விஷயத்தில் லண்டன், பாரிஸ் கூடங்களில் பழகிய ரசிகரைவிட ஒரு படி கூடுதல் தகுதி உண்டு. அதைப் பயன்படுத்திக்கொள்ளாமல், புரியாத கலை என்று நாம் ஒதுங்கிப் போகிறோமே என்பதுதான் என் வருத்தம்.

வயலைப் பார்க்கிற விவசாயி முதலில் கதிரைப் பார்ப்பதில்லை, மண்ணைத்தான் பார்ப்பார். நாமும் அங்கிருந்தே தொடங்கலாம். டெனெஸுக்குக் கிடைத்தது இயற்கையான நிலமே இல்லை. ஹட்சன் ஆற்றங்கரையில் மண்ணும் பாறையும் இடிபாடும் கொட்டி ஆற்றைத் தூர்த்து உண்டாக்கிய மேடு அது. அப்படிக் கொட்டியதில் ஒரு பங்கு, உலக வர்த்தக மையத்துக்கு அடித்தளம் போடத் தோண்டியபோது வெளியே வந்தது. அதாவது எந்தக் கோபுரங்களை எதிர்த்து அந்தக் கோதுமை நிற்கிறதோ, அவற்றின் அடிவயிற்றிலிருந்து வந்த மண்ணின் மேல்தான் நிற்கிறது. இது தெரிந்த பிறகு படத்தை இன்னொரு முறை பாருங்கள். முன்னால் வயல், பின்னால் நகரம் என்று தனித்தனியாகத் தெரிந்த இரண்டும் ஒரே குழியின் கதையாகிவிடும்.

அந்த மேட்டில் எதுவும் முளைக்காது. ஆகவே 200 லாரி மண் வந்து இறங்கியது. கல்லையும் குப்பையையும் பொறுக்கி அப்புறப்படுத்தி, 285 சால்களைக் கையாலேயே இழுத்தார்கள். விதையைக் கையால் தூவி மண்ணை மூடினார்கள். அது மே மாதம். வட இந்தியாவில் கோதுமையை ஐப்பசி, கார்த்திகையில் விதைத்துப் பங்குனி, சித்திரையில் அறுப்பார்கள். மன்ஹாட்டனிலோ குளிர் முடிந்து விதைத்துக் கோடையில் அறுக்கிற பருவம். பாசனத்துக்கு வழி செய்து, உரம் போட்டு, களை பறித்து, கரிப்பூட்டை நோய் கண்ட கதிர்களை நீக்கி, சாம்பல் நோய்க்கு மருந்தும் அடித்தார்கள்.

இந்த மருந்து விஷயத்தில் கொஞ்சம் நிற்க விரும்புகிறேன். சுற்றுச்சூழல் கலையின் முன்னோடி என்று போற்றப்படுகிறவர் வயலுக்கு மருந்து அடித்தாரா என்று சிலர் முகம் சுளிக்கலாம். எனக்கு அந்த இடத்தில்தான் அவர்மேல் மதிப்பு கூடுகிறது. அவருக்கு வேண்டியிருந்தது பச்சையாக ஒரு தோற்றம் அல்ல, மணி. நோயில் போன வயலைக்கூட ‘இதுவும் கலைதான்’ என்று காட்டி ஒருவர் தப்பித்துவிடலாம். பயிரை வீடு சேர்க்க நினைக்கிறவர் அப்படிச் சொல்லமாட்டார். செடியை வைத்துக் கலை செய்கிறேன் என்று வருகிற எவரையும் அளக்க இது நல்ல அளவுகோல்: செடி சாகாமல் இருக்க என்ன பாடுபட்டார்?

அடுத்து, கணக்குப் போடுங்கள். கணக்குப் போட்டால் ரசனை கெட்டுவிடும் என்பார்கள். இந்த வகைக் கலையில் கணக்கு போடாமல் ரசனையே தொடங்காது. பரப்பு 2 ஏக்கர். ஆகஸ்ட் 16 அன்று அறுவடை. கண்டது 1,000 பவுண்டுக்குச் சற்று மேல், நம் கணக்கில் ஏறக்குறைய 450 கிலோ. இன்று பஞ்சாபில் ஒரு ஏக்கரிலேயே சுமார் 20 குவிண்டால் எடுக்கிறார்கள். விளைச்சலாகப் பார்த்தால் இது சொல்லிக்கொள்ளும்படி இல்லை. ஆனால் சப்பாத்தி சாப்பிடும் நாலு பேர் குடும்பம் ஒன்றை ஏறக்குறைய ஒரு வருடம் தாங்கும். இதற்குப் பக்கத்தில் இன்னொரு எண்ணை வையுங்கள். அந்த நிலத்துக்கு அன்று சொல்லப்பட்ட மதிப்பு 450 கோடி டாலர்.

450 கிலோ, 450 கோடி. இந்த இரண்டு எண்களுக்கும் நடுவில் இருக்கிற இடைவெளியில்தான் அந்தப் படைப்பு இருக்கிறது. நிலத்தை விற்றால் என்ன வரும், விதைத்தால் என்ன வரும் என்று ஒரு குடும்பம் திண்ணையில் உட்கார்ந்து பேசுகிற அதே பேச்சை, உலகத்துப் பணம் புரளும் தெருவின் முகத்துக்கு நேரே நிறுத்தினார் டெனெஸ். பொது இடத்தில் வைக்க ஒரு படைப்பு செய்துதரும்படி அவரைக் கேட்டிருந்தார்கள். சிலை ஒன்றை நட்டுவைத்திருந்தால் வேலை சுலபமாக முடிந்திருக்கும். அந்தச் சிலையை இன்று யார் நினைத்துக்கொண்டிருப்பார்கள்?

இனி படங்களுக்கு வரலாம். அந்த வயலுக்குப் பல புகைப்படங்கள் உண்டு. கோபுரங்கள் பின்னால் தெரியும் படத்தை எடுத்துக்கொண்டு, மேல்பாதியைக் கையால் மறையுங்கள். எந்த நாட்டிலும் இருக்கக்கூடிய ஒரு விளைநிலம். கீழ்ப்பாதியை மறைத்தால் எந்த அஞ்சலட்டையிலும் வருகிற நியூயார்க். கையை எடுத்ததும் இரண்டும் ஒன்றையொன்று கேள்வி கேட்கத் தொடங்கும். அடுத்து, சுதந்திர தேவி சிலையை நோக்கி எடுத்த படத்தைப் பாருங்கள். நாடுவிட்டு வந்தவர்களை வரவேற்கும் சிலை என்று அதைச் சொல்வார்கள். டெனெஸே 1931இல் ஹங்கேரியின் புடாபெஸ்ட்டில் பிறந்து வந்தவர். அந்தக் கோணத்தில் கோதுமைக்கு வேறு பொருள் வந்துவிடுகிறது. பயிர் பச்சையாக இருக்கும் படம், பழுத்த படம், அறுவடை இயந்திரம் கோபுரங்களின் கீழே ஓடும் படம் மூன்றையும் வரிசையாக வைத்துப் பார்த்தால், கட்டடங்களில் ஒரு மாற்றமும் இல்லாததும் வயல் மட்டும் வயதாகிக்கொண்டே போவதும் தெரியும்.

அறுத்த பிறகு என்ன ஆனது என்பதையும் படைப்பின் பகுதியாகவே எடுத்துக்கொள்ள வேண்டும். வைக்கோல் நியூயார்க் குதிரைப்படைப் போலீஸின் குதிரைகளுக்குப் போனது. தானியம், உலகப் பசியை ஒழிப்பதை முன்வைத்த ஒரு கண்காட்சியோடு 28 நகரங்களுக்குப் போனது. பார்க்க வந்தவர்கள் கைப்பிடி எடுத்துப்போய் விதைத்தார்கள். வயல் இருந்த இடம் கட்டடக்காரர்களிடம் போய், இன்று அங்கே அடுக்குமாடிகள்.

ஒரு பருவத்தில் முடிந்துபோன படைப்பு அது. இதற்கு நேர் எதிராக, முடிவே இல்லாத ஒன்று அதே 1982இல் ஜெர்மனியின் காசல் நகரத்தில் தொடங்கியது. யோசப் பாய்ஸ் என்ற கலைஞர் அங்கே 7,000 மரங்கள் நட முடிவெடுத்தார். ‘7000 ஓக் மரங்கள்’ என்று பெயர் இருந்தாலும் ஓக் மட்டுமில்லை, வேறு பல மரங்களும் உண்டு. ‘டாக்குமெண்டா’ என்னும் புகழ்பெற்ற கலைத் திருவிழா நடக்கும் அருங்காட்சியகத்தின் எதிரிலேயே 7,000 பசால்ட் கல்தூண்களைக் கொட்டிக் குவித்தார். ஒரு மரம் நட்டால் குவியலிலிருந்து ஒரு கல்லை எடுத்து அதன் பக்கத்தில் நட வேண்டும். குவியல் கரைய வேண்டுமானால் மரம் நட்டாக வேண்டும், வேறு வழியில்லை. மரம் ஒன்றுக்கு 500 மார்க் (அன்றைய ஜெர்மன் நாணயம்) நன்கொடை. பணம் திரட்ட, ரஷ்யப் பேரரசன் ஒருவனுடைய கிரீடத்தின் தங்க நகலை நடுத்தெருவில் உருக்கி முயல் பொம்மையாக வார்த்தார் பாய்ஸ். ஊருக்கு அழகு கெட்டது, வண்டி நிறுத்த இடம் போனது என்று எதிர்ப்பும் இருந்தது.

1986 ஜனவரியில் பாய்ஸ் இறந்துவிட்டார். கடைசி மரத்தை 1987இல் அவருடைய மகன் நட்டார்.

காசலுக்குப் போனால், அல்லது அங்கே எடுத்த படங்களைப் பார்த்தால், மரத்தை மட்டும் பார்க்காதீர்கள். கல்லையும் மரத்தையும் சேர்த்துப் பாருங்கள். நட்ட அன்று கல்தான் பெரிய ஆள், கன்று அதன் பக்கத்தில் ஒரு குச்சி. இன்று மரத்தடியில் அந்தக் கல்லைத் தேட வேண்டியிருக்கிறது. கல் வளரவில்லை, மரம் வளர்ந்திருக்கிறது. இந்த வித்தியாசத்தைத் தவிர அங்கே பார்க்க வேறொன்றும் இல்லை, அதுவே நிறைய. பட்டுப்போன மரத்துக்குப் பதிலாக இளங்கன்று நிற்கும் இடம் கண்ணில் பட்டால் கொஞ்சம் கூடுதலாக நின்று பாருங்கள். அங்கே பாய்ஸின் வேலையை வேறு யாரோ தொடர்ந்திருக்கிறார்கள்.

டெனெஸும் பிறகு மரத்துக்கு வந்தார். பின்லாந்தில், சரளைக்கல் தோண்டிச் சீரழிந்த ஓரிடத்தில் குன்று எழுப்பி, 1992 முதல் 1996 வரை 11,000 பேரைக் கொண்டு 11,000 மரங்கள் நடவைத்தார். வளைந்தெழும் சுழல்களாக, சூரியகாந்திப் பூவிலும் அன்னாசியிலும் இருக்கிற கணித ஒழுங்கில் நட்டிருக்கிறார்கள். நட்டவர்களுக்குக் கொடுத்த சான்றிதழ் 400 ஆண்டு செல்லும், பேரப்பிள்ளைகளுக்கு எழுதிவைக்கலாம். இதைத் தரையில் நின்று பார்த்தால் ஒழுங்கு பிடிபடாது. செயற்கைக்கோள் படத்தில் தேடிப் பாருங்கள்.

உணவு விஷயத்தில் ஒரே ஒரு உதாரணம் சொல்லிவிட்டுப் போகிறேன். தாய்லாந்து வேர்கொண்ட ரிர்க்ரித் திரவனிஜா 1992இல் நியூயார்க்கின் ஒரு கலைக்கூடத்தில் படம், சிலை எதுவும் வைக்காமல், அடுப்பு மூட்டிக் காய்கறிக் குழம்பும் சோறும் சமைத்து, வந்தவர்களுக்கெல்லாம் இலவசமாகப் போட்டார். அன்னதானத்தை அறிந்த நமக்கு இதில் புதுமை குறைவு. பணம் கொடுத்தால்தான் எதுவும் கிடைக்கும் என்றிருக்கும் ஒரு சந்தையின் நடுவில் இலை போட்டதுதான் அங்கே விசேஷம். இடத்தை மாற்றினால் செயலின் பொருள் மாறிவிடுகிறது.

அதற்கு மறுபக்கமும் உண்டு. மன்ஹாட்டன் வயலை 2015இல் இத்தாலியின் மிலான் நகரில், புதிதாக எழும்பிய கோபுரங்களுக்கு நடுவே மீண்டும் விதைத்தார்கள். 5 ஹெக்டேர், முந்தையதைப் போல ஆறு மடங்கு. ஊர் மக்கள் கூடி விதைத்தார்கள், அறுத்தார்கள், மகிழ்ச்சியாகப் படம் எடுத்துக்கொண்டார்கள். அது அழகான வயல். ஆனால் 1982இல் இருந்த மோதல் அதில் இல்லை என்றே நினைக்கிறேன். அங்கே கோதுமையும் கோபுரமும் சமாதானமாகிவிட்டன. பெயரும் பயிரும் ஒன்றாக இருந்தாலும் படைப்பு ஒன்றாக இருக்காது என்பதற்காகவே இரண்டு வயல்களின் படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கச் சொல்கிறேன்.

நேரில் பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்கு அதிகத் தூரமில்லாத இடம் கொச்சி. 2012 டிசம்பரில் தொடங்கிய கொச்சி–முசிறிஸ் பினாலே என்னும் கலைத் திருவிழா, ஃபோர்ட் கொச்சியின் பழைய வணிக வளாகங்களில் நடக்கிறது. விதை, மண், தானியம் வைத்துச் செய்யப்பட்ட படைப்புகளைச் சந்திக்க அங்கே வாய்ப்பு அதிகம். சுவரில் ஒட்டியிருக்கும் விளக்கத்தை முதலில் படிக்க வேண்டாம். மண் எங்கிருந்து வந்திருக்கும், இந்தச் செடி இந்த இடத்துக்கு உரியதா, தண்ணீர் யார் ஊற்றுகிறார்கள், கண்காட்சி முடிந்ததும் இது எங்கே போகும் என்று உங்களுக்குள்ளேயே கேட்டுக்கொண்டு, பதில் தெரியாததை அங்கே நிற்கும் தன்னார்வலரிடம் கேளுங்கள். கலைஞரின் பேட்டியில் வராத செய்திகள் பெரும்பாலும் தண்ணீர் ஊற்றுகிறவரிடம்தான் இருக்கும். விளக்கத்தை அதன் பிறகு படியுங்கள்.

முடிந்தால் தொடக்க வாரத்தில் ஒருமுறை, கடைசி வாரத்தில் ஒருமுறை போங்கள். நடுவில் சில மாதங்கள் ஓடியிருக்கும். இரண்டாம் முறை போகும்போது ஓர் இலையைத் தொடாமல் குனிந்து அதன் அடிப்பக்கத்தைப் பாருங்கள். மாவுப்பூச்சி அப்பிக்கிடந்தால், திறப்பு விழா முடிந்த கையோடு அந்தச் செடியை மறந்துவிட்டார்கள் என்று பொருள். அடி இலை காய்ந்திருந்தாலும் கொழுந்து புதிதாக விட்டிருந்தால், யாரோ தினமும் வந்துபோகிறார்கள்.