பழைய மோட்டார்களின் அஞ்ஞாதவாசம்

இங்கிலாந்தில் அக்டோபர் மாதம் கழிந்து, இரவு வேளைகளில் சாலைகளில் உப்புத் தூவும் லாரிகள் புறப்படத் தொடங்கியதும், பழைய ஸ்போர்ட்ஸ் கார்களை வைத்திருப்பவர்கள் அவற்றைக் கழுவித் துடைத்துக் கொட்டகைக்குள் நிறுத்தி, மார்ச் மாதக் கடைசி வரையில் மூடிவைத்திருப்பது நெடுநாளைய சம்பிரதாயம். ஜாக்குவார் ஈ-டைப், டிரையம்ப் டி.ஆர். 6, எம்.ஜி.பி. என்று எந்த வண்டியானாலும் இந்த ஐந்து மாத அஞ்ஞாதவாசத்துக்குப் பெரும்பாலும் விலக்கில்லை. இதில் அவர்கள் காட்டும் சிரத்தை போற்றத்தக்கது. ஆனால் அந்தச் சிரத்தையில் எவ்வளவு பங்கு இரும்பின் சுபாவத்தை அறிந்து செய்யப்படுகிறது, எவ்வளவு பங்கு மற்றவர்கள் செய்கிறார்களே என்பதற்காகச் செய்யப்படுகிறது என்று பிரித்துப் பார்ப்பது அவசியமென்று எனக்குத் தோன்றுகிறது.

எம்.ஜி.பி.யையே உதாரணமாகக் கொள்வோம். 1962 முதல் 1980 வரை ஆபிங்டன் தொழிற்சாலையில் ஐந்து லட்சத்துக்கும் அதிகமாக உருவான இந்தக் காருக்குத் தனியாக அடிச்சட்டம் கிடையாது. எஃகுத் தகடுகளைப் பற்றவைத்துச் செய்த உடலே சட்டத்தின் பாரத்தையும் தாங்குகிறது. கதவுகளுக்குக் கீழே நீளவாட்டில் செல்லும் பெட்டி வடிவான பகுதியைத் துரு தின்றுவிட்டால், வண்டியின் அழகோடு பலமும் போய்விடுகிறது. ஆகவே உப்பைக் கண்டு உடைமையாளர் அஞ்சுவதில் நியாயம் உண்டு. ஆயினும் அவர்களில் பலர் குளிரையே பகையாக எண்ணிவிடுகிறார்கள். உலர்ந்த குளிர் இரும்பை ஒன்றும் செய்வதில்லை. கெடுதல் செய்வது ஈரம். காற்றின் ஈரப்பதம் சுமார் 60 சதவீதத்தைத் தாண்டும்போது இரும்பு துருப்பிடிக்கும் வேகம் திடீரென்று பெருகுகிறது. சாலையில் தூவிய உப்போ, ஈரப்பதம் 75 சதவீதத்தை எட்டியதும் காற்றிலுள்ள நீரை ஈர்த்துத் தானே கரைந்து, தகட்டின் இடுக்குகளிலெல்லாம் உப்புநீராக நிற்கிறது. இரசாயன வினைகள் உஷ்ணத்தில் விரைவுபெறுபவை என்பதையும் இதனோடு சேர்த்து நினைத்தால், உப்புச் சேறு படிந்த வண்டியை அப்படியே கொண்டுவந்து கணப்பு வைத்த கொட்டகையில் நிறுத்துகிறவர், வெளியே பனியில் விட்டவரைக் காட்டிலும் தம் வண்டிக்கு அதிகத் தீங்கு செய்கிறார் என்பது விளங்கும். வண்டியின் அடிப்பாகத்தை நல்ல தண்ணீரால் கழுவி, பிறகு மழையில்லாத நாளில் சில மைல்கள் ஓட்டி, காற்றாலும் சூட்டாலும் முற்றிலும் உலர்த்தி நிறுத்துவதே இந்தச் சம்பிரதாயத்தின் முதற் கடமை. மற்ற விதிகளையும் இந்த ஈரம் என்ற ஒரே உரைகல்லில் உரைத்துப் பார்க்கலாம்.

அப்படி உரைத்தால் மாற்றுக் குறையாதது என்ஜின் எண்ணெயை மாற்றும் வழக்கம். ஆனால் அதையும் பலர் வசந்தத்தில் செய்கிறார்கள். புதிய பருவத்துக்குப் புதிய எண்ணெய் என்பது கேட்பதற்கு நன்றாயிருக்கிறது. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகிறது என்பதையும், அதில் ஒரு சிறு பகுதி அமிலப் பொருள்களோடு பிஸ்டன் வளையங்களைக் கடந்து எண்ணெயில் கலக்கிறது என்பதையும் அறிந்தவர், அந்த அழுக்கெண்ணெயைப் பேரிங்குகளின் மீது ஐந்து மாதம் ஊறவிட மாட்டார். மாற்ற வேண்டிய வேளை அக்டோபர்தான். ரேடியேட்டர் விஷயத்தில் கருத்து வேற்றுமைக்கு இடமில்லை: தண்ணீர் உறையும்போது சுமார் 9 சதவீதம் விரிந்து இரும்பு பிளாக்கையே பிளந்துவிடும், கிளைக்கால் என்னும் உறைதடுப்புத் திரவத்தைப் பாதிக்குப் பாதி கலந்தால் பூஜ்யத்துக்குக் கீழே 37 டிகிரி வரையில் அச்சமில்லை. பாட்டரியும் அப்படியே. முழுச் சக்தி ஏற்றிய பாட்டரி எந்த இங்கிலீஷ்க் குளிரிலும் உறையாது; சக்தி வடிந்த பாட்டரியோ பூஜ்யத்துக்குச் சில டிகிரி கீழேயே உறைந்து வெடிக்கக்கூடும்.

பெட்ரோலைப் பற்றிய விவாதம் இவ்வளவு சுலபமாகத் தீர்வதில்லை. டாங்கியை நிரப்பி வைத்தால் உள்ளே காற்றுக்கு இடம் குறைகிறது, அதனால் ஈரம் படிவதும் குறைகிறது என்பது பழைய உபதேசம். அந்தக் காலத்துப் பெட்ரோலுக்கு அது முற்றிலும் பொருந்தியது. 2021 செப்டம்பர் முதல் பிரிட்டனில் சாதாரணப் பெட்ரோல் என்பது பத்து சதவீதம் வரை எத்தனால் கலந்தது. எத்தனாலோ நீரைத் தன்னிடம் இழுத்துக்கொள்வது, பழைய ரப்பர்க் குழாய்களை இளக்கிக் கெடுப்பது. ஆகையால் எத்தனால் குறைந்த உயர்ரகப் பெட்ரோலை, கெடாமல் காக்கும் மருந்து சேர்த்து நிரப்பி, அந்தக் கலவை கார்புரேட்டர் கிண்ணங்கள் வரையில் சென்று சேரும்படி சிறிது தூரம் ஓட்டிய பிறகே நிறுத்த வேண்டும். மருந்தை டாங்கியில் ஊற்றிவிட்டு அங்கேயே வண்டியை மூடிவிடுகிறவர் பாதி வேலையைத்தான் செய்தவராகிறார்.

இந்தச் சம்பிரதாயத்தின் ஆகப் பெரிய குறை, வாரத்துக்கு ஒருமுறை கொட்டகைக்குள்ளேயே என்ஜினைப் பத்து நிமிஷம் ஓடவிடுவது. இதைச் செய்கிறவர்கள் அலட்சியக்காரர்களல்லர். வண்டியின் மீது மிகுந்த வாஞ்சை உடையவர்களே இதைச் செய்கிறார்கள். ஜனவரி மாதத்து இருண்ட காலையில் அந்தக் குரலைக் கேட்க வேண்டுமென்ற ஆசையை நானும் குறைகூற மாட்டேன். ஆனால் விளைவைப் பாருங்கள். சோக்கை இழுத்துக் குளிர்ந்த என்ஜினைக் கிளப்பும்போது அளவுக்கு மிஞ்சிய பெட்ரோல் உள்ளே சென்று, சிலிண்டர்ச் சுவர்களில் காவலாக நின்ற எண்ணெய்ப் படலத்தைக் கழுவிக்கொண்டு கீழே இறங்குகிறது. எரிந்ததனால் பிறந்த நீராவி குளிர்ந்த சைலன்சருக்குள் நீராகத் தங்கி அதை உள்ளிருந்தே அரிக்கிறது. எண்ணெயில் கலந்த நீரை ஆவியாக்கி வெளியேற்றுவதற்கு வேண்டிய சூடு பத்து நிமிஷத்தில் வருவதில்லை. பாட்டரிக்காவது பிரயோஜனம் உண்டா என்றால், பழைய டைனமோ பொருத்திய வண்டி நின்ற இடத்தில் மெதுவாக ஓடும்போது சார்ஜ் ஏறுவதே அரிது. ஸ்டார்ட்டர் எடுத்துச் செலவழித்ததுகூடத் திரும்பி வருவதில்லை. அக்டோபரில் மாற்றிய புதிய எண்ணெயின் பயனை டிசம்பருக்குள் அழித்துவிடும் வழி இது. ஒன்று, வண்டியை வெளியே கொண்டுபோய் இருபது மைலாவது ஓட்டி எல்லா உறுப்புகளும் நன்றாகச் சூடேறச் செய்ய வேண்டும்; இல்லையேல் சாவியைத் தொடாமலிருக்க வேண்டும்.

மூடும் போர்வையிலும் இதே பிழை நேர்கிறது. பிளாஸ்டிக் விரிப்பு மழையைத் தடுக்கிறது. கொட்டகைக்குள் பெய்யாத அந்த மழையைத் தடுப்பதற்காகத் தரையிலிருந்து எழும் ஈரத்தை வண்டியோடு சேர்த்துச் சிறைவைக்கிறது. காற்றுப் புகுந்து வெளிவரும் பருத்திப் போர்வையும், சிமெண்டுத் தரையின் மீது விரித்த பிளாஸ்டிக் தாளுமே சரியான ஏற்பாடு. வசதியுள்ளவர்கள் ஈரம் நீக்கும் யந்திரத்தை வைக்கிறார்கள். அதனால் இரும்புக்கு நன்மை உண்டு. ஆனால் ஈரப்பதத்தை 50 சதவீதத்துக்கு வெகு கீழே இறக்கினால் தோல் இருக்கைகளும் மரப்பகுதிகளும் வெடிப்புக் காண்கின்றன.

சக்கரங்கள் தரையில் படாதபடி வண்டியைத் தாங்கிகளின் மேல் ஏற்றிவைப்பதைப் பற்றி நிபுணர்களிடையே ஒருமித்த அபிப்பிராயம் இல்லை. டயர் ஓரிடத்திலேயே அழுந்தித் தட்டையாவதை அது தடுக்கிறது என்பது உண்மை. சஸ்பென்ஷன் முழுதும் தொங்கி ரப்பர்ப் புஷ்கள் முறுகிய நிலையிலேயே மாதக்கணக்கில் நிற்கின்றன என்பதும் உண்மை. டயரில் காற்றைச் சற்று மிகுதியாக ஏற்றி, அவ்வப்போது வண்டியை ஒரு சாண் முன்னும் பின்னும் தள்ளிவைப்பது போதுமென்பது என் எண்ணம். கைப்பிரேக்கை விடுவித்துச் சக்கரத்துக்குக் கட்டை வைப்பதில் எவருக்கும் ஆட்சேபம் இருக்க முடியாது. இழுத்துவிட்ட பிரேக் கட்டை டிரம்மோடு ஒட்டிக்கொண்டால் வசந்தத்தில் சுத்தியலின் உதவி தேவைப்படும். இவ்வளவையும் செய்கிறவர்களில் பலர், பிரேக் திரவமும் ஈரத்தை உறிஞ்சிச் சிலிண்டர்களை உள்ளே அரிப்பது என்பதை மறந்து, அதை ஆண்டுக்கணக்கில் மாற்றாமலே விட்டுவிடுகிறார்கள். உயிரைக் காக்கும் உறுப்பு மெழுகுப் பூச்சைவிடக் குறைந்த கவனம் பெறுவது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது.

இவையெல்லாம் செய்முறைக் குறைகள். அஞ்ஞாதவாசம் என்ற ஏற்பாட்டிலேயே ஒரு குறை இருக்கிறது. ஓடாத வண்டியில் எண்ணெய் சீல்கள் காய்ந்து சுருங்குகின்றன. தண்ணீர்ப் பம்பு கசியத் தொடங்குகிறது. பிரேக் பிஸ்டன்கள் இறுகிப்போகின்றன. மாரியில் வண்டி ஓடுவதும் புதிதல்ல: 1905-க்கு முன் பிறந்த கார்கள், 1896-இல் மோட்டார்களுக்குக் கிடைத்த சட்ட விடுதலையை நினைவுகூர்ந்து, லண்டனிலிருந்து பிரைட்டன் வரையில் சுமார் 60 மைல் பிரயாணம் செய்வது நவம்பர் மாதத்தில்தான். 1968-ஆம் ஆண்டு மான்டி கார்லோ ராலியை, ஜனவரி மாதத்து மலைப்பனியில், விக் எல்ஃபோர்ட் வென்றது போர்ஷே 911 காரில். இந்த யந்திரங்கள் குளிருக்குப் பயந்தவையல்ல. ஒன்ட்டாரியோவிலும் நார்வேயிலும் மாதக்கணக்கில் பனி கிடக்கும் இடங்களில் முழு அடைப்பே தகும். அதை நான் மறுக்கவில்லை. இங்கிலாந்தின் தென்பகுதியிலோ, பலத்த மழை உப்பைக் கழுவிச் சென்ற பிறகு உலர்ந்த வெயில் நாட்கள் மாரியிலும் வருகின்றன. அந்த நாட்களில் வண்டியை ஓட்டுவது அதற்குச் செய்யும் வைத்தியம்.

இதற்குச் சட்டம் எவ்வளவு இடங்கொடுக்கிறது என்பதும் கவனிக்கத்தக்கது. பிரிட்டனில் வண்டி சாலைக்கு வராது என்று அறிவித்து வரியும் காப்புறுதியும் இன்றி நிறுத்தலாம். வேண்டும்போது வரிப் பதிவையும் காப்புறுதியையும் திரும்பப் பெற்றுக்கொண்டு வெளியே எடுக்கலாம். நாற்பது வயது கடந்த வண்டிகளுக்கு அந்த வரியே கிடையாது. ஜெர்மனியில் 1997 முதல் பருவகால நம்பர் பலகை வழக்கில் இருக்கிறது. இரண்டு முதல் பதினொரு மாதங்கள் வரையில் ஒரு காலத்தைத் தேர்ந்து பலகையிலேயே பொறித்துவிட்டால், மற்ற மாதங்களில் எவ்வளவு நல்ல வெயிலடித்தாலும் வண்டி பொதுச் சாலைக்கு வரக் கூடாது. செலவு மிச்சந்தான், ஆனால் வானத்தைப் பார்த்துச் செய்ய வேண்டிய தீர்மானத்தை அந்தப் பலகை பஞ்சாங்கத்திடம் ஒப்படைத்துவிடுகிறது. பலரும் ஏப்ரல் முதல் அக்டோபர் வரையென்று பொறித்துக்கொள்ளும் அந்தப் பலகையில் மார்ச்சையும் நவம்பரையும் சேர்த்துக்கொண்டால், வரியும் காப்புறுதியும் சற்று ஏறும். அடைபட்ட காலம் ஐந்து மாதத்திலிருந்து மூன்றாகக் குறையும்.